அக்பரின் ஊமை மாளிகையும் எங்கள் வீட்டு ஆச்சியும்

போன மாதம் ஆபீஸ் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் மதுரைப் பெண் ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, ஒண்ணு கேக்கணும். எம்பொண்ணுக்கு ரெண்டரை வயசாகுது, இன்னும் சரியாப் பேச மாட்டேங்குறா. ப்ளேஸ்கூல்ல வீட்டுல தமிழை நிறுத்திட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

நான் சொன்ன பதிலில் இரண்டு பேர் டீயும் ஆறிப்போனது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் அக்பர் வருவார், ஒரு பிரெஞ்சுக் காட்டுப் பையன் வருவான், எங்கள் ஆச்சியும் வருவார்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி.

2007. நொய்டாவில் இரண்டு அறை ஃப்ளாட். பையனுக்கு இரண்டு வயது எட்டு மாதம். வாயில் மொத்தம் எட்டு வார்த்தை. நான் எக்செல் ஷீட்டில் எழுதி வைத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. அம்மா, பா, காக்கா, தா, பானி, பூ, டாட்டா, பை. தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்த எட்டு. இதில் அவன் போய்க்கொண்டிருந்த ப்ளேஸ்கூல்காரர்களின் கணக்கில் வந்தது கடைசி ஒன்று மட்டும்தான். "வீட்டில் ஒன்று, வேலைக்காரம்மாவிடம் ஒன்று, இங்கே ஒன்று என்று மூன்று மொழி. குழந்தை குழம்பிப்போயிருக்கிறான். வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்றார்கள். விசாரித்த இடத்தில் ஒரு டாக்டரும் தலையாட்டினார். படித்தவர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொண்டோம்.

தமிழை நிறுத்திய பிறகுதான் எங்களிடம் எவ்வளவு இங்கிலீஷ் இருக்கிறது என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது ஆபீஸ் இங்கிலீஷ். அதில் க்ளையன்டுக்கு மெயில் எழுதலாம், இரண்டரை வயசுப் பிள்ளையைக் கொஞ்ச முடியாது. தங்கமணிக்கும் அதே கதைதான். குளிப்பாட்டும்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் "கம்", "சிட்", "ஈட்", "நோ" என்று நாலு வார்த்தைக்கு வந்துவிட்டாள். நாலும் கட்டளை. மிச்ச நேரத்துக்குக் கார்ட்டூன் சிடி. டிவியாவது நல்ல உச்சரிப்போடு பேசுகிறதே என்று ஒரு சமாதானம்.

டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அம்மா வந்தார். பையனுக்கு ஆச்சி. நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து வரும்போதே காரில் விஷயத்தைச் சொன்னேன். "ஏல, அப்போ நான் புள்ளகிட்ட எந்தப் பாஷையில பேச?" என்றார். "கொஞ்ச நாளைக்குப் பேசாம இரும்மா" என்றேன். எத்தனை சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேரனுக்கு வாய் திறக்காமல் சோறூட்டினார். வாய் திறக்காமல் தூங்கவைத்தார்.

வந்தவரை ஆக்ராவுக்குக் கூட்டிப்போனோம். யமுனா எக்ஸ்பிரஸ்வே 2012-ல்தான் வந்தது, அப்போதெல்லாம் மதுரா ரோடுதான். தாஜ்மகால் பார்த்துவிட்டு மறுநாள் ஃபதேபூர் சிக்ரி. பிள்ளை வரம் வேண்டி ஷேக் சலீம் சிஷ்தியைத் தேடி அக்பர் வந்ததும், 1569-ல் பிறந்த மகனுக்கு அவர் பெயரையே வைத்ததும், பிறகு அங்கேயே தலைநகரம் எழுப்பியதும் வழிகாட்டி சொல்லி எல்லோருக்கும் தெரிந்த கதை. அம்மா தர்காவின் பளிங்குச் சன்னலில் ஒரு நூலைக் கட்டினார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

வழிகாட்டி சொல்லாத கதை ஒன்று இருந்தது. அடுத்த வாரம் ஆபீசில் ஆணி குறைவாக இருந்த ஒரு மதியம், ஃபதேபூர் சிக்ரி பற்றி மேய்ந்துகொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அக்பரின் 'குங் மஹல்'. குங் என்றால் ஊமை. ஊமை மாளிகை.

*

அக்பரின் சபையில் ஒரு விவாதம் நடந்திருக்கிறது. மனிதனுக்குப் பேச்சு எங்கிருந்து வருகிறது? தானாகவே உள்ளிருந்து வருகிறதா, கேட்டுக் கேட்டு வருகிறதா? கேட்டால்தான் வரும், யார் பேச்சையும் கேட்காமல் வளரும் பிள்ளை ஊமையாகத்தான் இருக்கும் என்பது அக்பரின் கட்சி. சபையில் சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று பாதுஷா முடிவு செய்தார். இது 1578 வாக்கில்.

ஜனசந்தடி இல்லாத இடத்தில் ஒரு கட்டிடம் கட்டினார்கள். பிறந்த குழந்தைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம்பிக்கையான காவலாளிகள். பாலூட்ட வாய் திறக்காத செவிலித்தாய்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒரு மனிதப் பேச்சு மட்டும் அவர்கள் காதில் விழக்கூடாது. 1582 ஆகஸ்டில் அக்பர் நேரில் போய்ப் பார்த்தார். அந்த வீட்டிலிருந்து ஒரு பேச்சுச் சத்தமும் வரவில்லை என்றும், நாலு வருடம் கழித்தும் பிள்ளைகளிடம் ஊமைகளின் ஒலி தவிர வேறெதுவும் இல்லை என்றும் அபுல் ஃபசல் அக்பர்நாமாவில் எழுதியிருக்கிறார்.

அபுல் ஃபசலுக்குப் பாதுஷா சொன்னது சரியாகிவிட்டதில் திருப்தி. அதே சபையில் இருந்தவர்தான் பதாயூனி. அக்பரைப் பிடிக்காதவர், ரகசியமாக வரலாறு எழுதியவர். அவர் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. சுமார் இருபது குழந்தைகளைத் தாய்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கினார்கள் என்கிறார். மூன்று நாலு வருடத்தில் எல்லோரும் ஊமையானார்கள், பல பிள்ளைகள் மண்ணுக்குள் போய்விட்டார்கள் என்கிறார்.

பிற்பாடு அக்பரே இந்தக் கதையை ஏசு சபைப் பாதிரியார் ஜெரோம் சேவியரிடம் சொல்லியிருக்கிறார். சேவியரின் 1598-ஆம் வருடக் கடிதத்தில் இருக்கிறது. அதில் குழந்தைகள் எண்ணிக்கை முப்பது. அந்தப் பிள்ளைகள் எந்த மொழி பேசுவார்களோ அந்த நாட்டு மார்க்கத்தைப் பின்பற்றலாம் என்று நினைத்ததாகவும் அதில் வருகிறது. ஆளுக்கு ஒரு காரணம், ஆளுக்கு ஒரு எண்ணிக்கை. முடிவு மட்டும் எல்லோரிடமும் ஒன்றே. பிள்ளைகள் பேசவில்லை.

படித்துவிட்டு மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நல்ல சாப்பாடு. பாதுகாப்பான கட்டிடம், வாசலில் செக்யூரிட்டி. வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு வாங்கிய ஒரு கிழவி. இது எந்த ஊர்? ஃபதேபூர் சிக்ரியா, நொய்டாவா?

*

அதன்பிறகு இது ஒரு பித்து மாதிரி ஆகிவிட்டது. தேடித் தேடிப் படித்தேன்.

அக்பர் முதல் ஆள் இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதையில் எகிப்து மன்னன் சம்மெட்டிகஸ் இரண்டு குழந்தைகளை ஓர் ஆட்டிடையனிடம் கொடுத்து, அவர்கள் முன்னால் பேசக்கூடாது என்று கட்டளை போடுகிறான். உலகத்தின் முதல் மொழி எது என்று அவனுக்குத் தெரியவேண்டும். இரண்டு வருடம் கழித்துக் குழந்தைகள் 'பெக்கோஸ்' என்றார்களாம். அது ஃப்ரீஜிய மொழியில் ரொட்டி. ஆடு கத்துவதைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் வேறென்ன சொல்லும் என்று பின்னால் வந்தவர்கள் கிண்டலடித்தார்கள்.

13-ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசன் இரண்டாம் ஃப்ரெட்ரிக் இதையே செய்ததாக சலிம்பெனே என்ற துறவி எழுதியிருக்கிறார். செவிலிகள் பாலூட்டலாம், குளிப்பாட்டலாம், கொஞ்சக்கூடாது. குழந்தைகள் எந்த மொழியும் பேசாமல் செத்துப்போனார்கள். கைதட்டலும் சிரித்த முகமும் இல்லாமல் பிள்ளைகளால் உயிர் வாழ முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். இவர் ஃப்ரெட்ரிக்கின் எதிரி, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். 1493-ல் ஸ்காட்லாந்து மன்னன் நாலாம் ஜேம்ஸ் இரண்டு குழந்தைகளை ஒரு ஊமைப் பெண்ணோடு இஞ்ச்கீத் என்ற தீவில் விட்டதாக இன்னொரு கதை. பிள்ளைகள் சுத்தமான எபிரேயம் பேசினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது என்று எழுதி நழுவிவிட்டார் அதைப் பதிவு செய்தவர்.

மற்ற மன்னர்களுக்கெல்லாம் முதல் மொழி எது என்பதுதான் கேள்வி. பேச்சு கேள்வியால் வருவது என்று முன்கூட்டியே சரியாக ஊகித்தவர் அக்பர். அவர் ஊகம் சரி, அதை நிரூபிக்கக் கொடுத்த விலைதான் பயங்கரம்.

இதில் ஒரு சின்ன வால் உண்டு. கத்ரூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1705-ல் வெளியிட்ட மொகலாயர் வரலாற்றில், அந்தப் பிள்ளைகள் செவிலிகளைப் பார்த்துப் பார்த்து சைகையால் மனதில் உள்ளதைச் சொல்லப் பழகியிருந்தார்கள் என்று வருகிறது. நடந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து எழுதியது. ஆனாலும் இதை நான் நம்புகிறேன். காரணம் நிகராகுவா. 1977-க்குப் பிறகு அங்கே மனாகுவா நகரில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாகப் பெரிய அளவில் ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் உதட்டைப் பார்த்து ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள், பெரிதாகப் பலிக்கவில்லை. பிள்ளைகளோ விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் தங்களுக்குள் ஒரு சைகை மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் கையில் அது இலக்கணத்தோடு கூடிய முழு மொழியாகவே வளர்ந்தது. குழந்தைக்குத் தேவை எதிரில் பதில் சொல்ல ஓர் ஆள். வாயால் முடியாவிட்டால் கையால்.

*

அடுத்தது காட்டுப் பையன். 1800-ஆம் வருடம் ஜனவரியில் தெற்கு ஃபிரான்சில் அவெரோன் என்ற பகுதியில் ஒரு பையன் காட்டிலிருந்து பிடிபட்டான். பதினோரு பன்னிரண்டு வயது இருக்கும். பேச்சு இல்லை. இவன் பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லாதவன் என்று பெரிய டாக்டர் பினெல் சொல்லிவிட்டார். இல்லை, யாரும் இவனோடு பழகாததால் இப்படி இருக்கிறான், கற்றுக்கொடுத்துப் பார்க்கிறேன் என்று பொறுப்பெடுத்தவர் இதார் என்ற இளம் டாக்டர். பாரிசில் காது கேளாதோர் பள்ளியில் வேலை பார்த்தவர். பையனுக்கு விக்டர் என்று பேர் வைத்தார்.

இதார் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. விக்டரின் பின்னால் துப்பாக்கி வெடித்தாலும் திரும்பமாட்டான். வால்நட் ஓட்டை உடைக்கும் சின்னச் சத்தத்துக்கு உடனே திரும்புவான். காது கேட்கிறது. எது தனக்கு வேண்டியதோ அதற்கு மட்டும் கேட்கிறது. ஐந்து வருடம் இதார் பாடுபட்டார். விக்டர் சில வார்த்தைகளைப் படிக்கக் கற்றுக்கொண்டான், பால் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையைச் சொன்னான். சரளமான பேச்சு கடைசிவரை வரவில்லை. கெரேன் அம்மாள் என்ற பெண்மணியின் கவனிப்பில் இருந்து 1828-ல் இறந்துபோனான். இதார் தோற்றுவிட்டதாகவே நினைத்தார்.

ஆனால் அவர் உண்டாக்கிய பயிற்சிகள் தோற்கவில்லை. அவரிடம் பயின்ற செகுவான் அவற்றை மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக வளர்த்தெடுத்தார். இவர்கள் இருவரின் புத்தகங்களையும் உட்கார்ந்து தன் கையால் இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்த ஓர் இளம் பெண் டாக்டர்தான் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோமில் சான் லொரன்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். செகுவானிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஒரு முறையை இன்றும் மாண்டிசோரி வகுப்புகளில் பார்க்கலாம். மூன்று படி. முதலில் "இது பூ" என்று பெரியவர் சொல்வது. அடுத்து "பூ எங்கே, எடுத்துக் கொடு" என்பது. குழந்தை வாய் திறக்கவேண்டாம், எடுத்துக் கொடுத்தால் போதும். அது நன்றாகப் பழகிய பிறகுதான் மூன்றாவது, "இது என்ன?" நாங்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தோம் தெரியுமா? நேரே மூன்றாவது படி. வருகிறவர் போகிறவர் எல்லோரும் "வாட் இஸ் திஸ்? வாட் இஸ் திஸ்?" பையன் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான்.

மாண்டிசோரி 1939 நவம்பரில் நம் அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கே வந்தார். உலகப்போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட்டதால் இங்கேயே இருக்கவேண்டியதாயிற்று. கொடைக்கானலிலும் இருந்தார். பேச்சு உட்படப் பலவற்றையும் கைக்குழந்தை சுற்றியிருக்கும் மனிதர்களிடமிருந்து பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் சொன்ன புகழ்பெற்ற புத்தகம் 1949-ல் முதலில் அச்சானது சென்னையில்தான்.

அவர் வருவதற்கு முன்பே இங்கே ஒருவர் ஆரம்பித்துவிட்டார். குஜராத்தில் கிஜுபாய் பதேகா. வக்கீல். தன் மகன் பிறந்த பிறகு மாண்டிசோரியைப் படித்து, வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பாவ்நகரில் பாலமந்திர் ஆரம்பித்தார். தாய்மொழியில் கதை, பாட்டு, நாடகம் என்று பிள்ளைகளோடு ஓயாமல் பேசியவர். 'மீசை வைத்த அம்மா' என்று அவருக்குப் பேர். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் 1945-ல் மகாராஷ்டிரக் கடலோரம் போர்டி கிராமத்துக்குப் போனார், 1957-ல் பக்கத்து மலை கோஸ்பாடுக்கு. வார்லி ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. சரி, பள்ளிக்கூடம் அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும் என்று போனார். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசின் குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் ஆரம்பித்தபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் பரவியது.

பாருங்கள், மன்னர்கள் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். தாராபாய் பிள்ளையின் வீட்டு முற்றத்துக்கே போய் உட்கார்ந்தார்.

*

அப்படியென்றால் 'வீட்டு மொழியை நிறுத்து' என்ற யோசனை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1923-ல் வேல்ஸ் நாட்டில் சேர் என்பவர் ஏழிலிருந்து பதினாலு வயது வரையான சுமார் 1400 பிள்ளைகளைச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார். வேல்ஷும் இங்கிலீஷும் பேசும் கிராமத்துப் பிள்ளைகள் அறிவுத்தேர்வில் பின்தங்கியிருக்கிறார்கள் என்றார். இரண்டு மொழி குழப்பம் என்று அதிலிருந்து ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அவர் கணக்கிலேயே நகரத்துப் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது வித்தியாசம் வசதியிலும் படிப்பிலும் வந்ததாக இருக்கலாம், மொழியில் வந்தது என்று சொல்ல முடியாது. அதை யார் கவனித்தார்கள்? 1962-ல் கனடாவின் மாண்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இரண்டு பேர், வசதி வித்தியாசத்தைச் சரிக்கட்டி, பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பிரெஞ்சும் இங்கிலீஷும் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பின்தங்கவில்லை, பல தேர்வுகளில் முந்தினார்கள்.

அதற்கும் வெகு காலம் முன்பே, 1913-ல், ரோன்ஷா என்ற பிரெஞ்சு மொழியியலாளர் தன் மகன் லூயியைப் பற்றிப் புத்தகம் போட்டிருந்தார். அப்பா பிரெஞ்சு, அம்மா ஜெர்மன். ஆளுக்கொரு மொழி பேசினார்கள், பையன் இரண்டையும் பேசினான். அமெரிக்காவில் லியோபோல்ட் என்ற பேராசிரியர் 1930-ல் பிறந்த தன் மகள் ஹில்டகார்டின் ஜெர்மன், இங்கிலீஷ் பேச்சை விடாமல் குறித்து வைத்து 1939-லிருந்து 1949-க்குள் நாலு பாகமாக வெளியிட்டார். என் எக்செல் ஷீட்டுக்கு இவர்தான் மூதாதை :-) இரண்டு வயதில் அந்தப் பெண் இரண்டு மொழியையும் கலந்துகட்டிப் பேசினாள். பிறகு தானாகவே பிரித்துக்கொண்டாள்.

கார்ட்டூன் சிடி விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரீஷியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நேரில் ஆள் வந்து பேசி விளையாடினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் டிவியில். பன்னிரண்டு அமர்வு கழித்துப் பார்த்தால் நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். டிவியில் பார்த்தவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. 2018-ல் ரேச்சல் ரோமியோ என்பவர் குழுவின் ஆய்வு வந்தது. நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளின் மூளையைப் பார்த்தவர்கள், பெரியவர்கள் எத்தனை வார்த்தை கொட்டினார்கள் என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை முறை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு அதிகம் ஒத்துப்போகிறது என்றார்கள்.

*

எங்கள் கதைக்கு வருகிறேன்.

குங் மஹல் பற்றிப் படித்த அன்று சாயங்காலம் தங்கமணியிடம் சொன்னேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "கேட்டால்தான் பேச்சு வரும்னு அக்பருக்கே தெரிஞ்சிருக்கு. நம்ம புள்ளைக்குக் காது கேக்குதான்னு நாம பார்த்தோமா?"

பார்க்கவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் மாட்டான். பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். எந்த மொழி, எத்தனை மொழி என்று ஆளாளுக்குச் சண்டை போட்டோமே தவிர, ப்ளேஸ்கூலும் சரி, தலையாட்டிய டாக்டரும் சரி, நாங்களும் சரி, காதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அடுத்த வாரம் போய்ச் சோதித்தோம். இரண்டு காதிலும் நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்குச் சகஜமாக வருவதாம். முழுச் செவிடு இல்லை. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான் என் பிள்ளை. மூன்று மாதம் பார்த்தார்கள், நீர் வற்றவில்லை, சின்ன அறுவை சிகிச்சை செய்து செவிப்பறையில் குட்டிக் குழாய் வைத்தார்கள்.

பேச்சுப் பயிற்சி தந்த அம்மா மைசூரில் படித்தவர். 1965-லிருந்து அங்கே பேச்சுக்கும் காதுக்குமான அகில இந்தியக் கழகம் இருக்கிறது. தயங்கித் தயங்கி "எந்த மொழியில் பேசட்டும்?" என்று கேட்டேன். "உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வரும்?" என்று திருப்பிக் கேட்டார். "பையனின் எட்டு வார்த்தையையும் எட்டாகத்தான் எண்ணவேண்டும். எந்த மொழி என்று பார்க்கக்கூடாது" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பேசும்மா, எவ்வளவு வேணா பேசு" என்றேன்.

"ஏல, இத்தன நாளா என்னைய ஊமச்சியாக்கிட்டு இப்பம் பேசச் சொல்லுத" என்று ஒரு பாட்டம் திட்டினார். பிறகு பேரனை மடியில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தவர்தான். இரண்டு மாதம் என்று வந்தவர் ஏழு மாதம் இருந்தார். கீரை ஆய்ந்தால் கீரையைப் பற்றி, துணி மடித்தால் துணியைப் பற்றி. அவன் கையை நீட்டினால் "என்ன ராசா, காக்காவா? ஆமா, காக்கா. அதுக்குப் பசிக்காம்" என்று அவன் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார், அவன் ஏதாவது சத்தம் கொடுக்கும் வரை. சத்தம் வந்தால் அதற்கு ஒரு பதில். பயிற்சி தந்த அம்மா எங்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்ததை எல்லாம் தாளைப் பார்க்காமலே செய்துகொண்டிருந்தார். பிள்ளை வளர்வதைச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாகப் பிரித்துப் பாட்டு கட்டிய பாஷை இல்லையா நம்முடையது?

அம்மாவுக்கு எங்கள் ஊர்க் குமரகுருபரர் மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. ஐந்து வயது வரை வாய் பேசாமல் இருந்தவர், திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் பேச்சு வந்தவர், மீனாட்சியம்மைக்கே பிள்ளைத்தமிழ் பாடியவர், பிறகு காசிக்குப் போய் இந்துஸ்தானி கற்றுக்கொண்டு மடம் அமைத்தவர் என்பது ஸ்ரீவைகுண்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வரலாறு. "அவரே வடக்கே வந்து அந்தப் பாஷையும் பேசலையா? அதுக்காவத் தமிழ விட்டாரா?" என்பார். இதற்கு என்ன ஆய்வுக்கட்டுரையைக் காட்டிப் பதில் சொல்வது? திருச்செந்தூர் தூரம் என்பதால் ஆர்.கே.புரம் மலைமந்திரில் நேர்ந்துகொண்டார். எனக்குக் காது டாக்டர் மேல் நம்பிக்கை, அவருக்கு முருகன் மேல். இரண்டும் நடந்தது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று நாங்கள் சண்டை போடவில்லை.

குழாய் வைத்து ஆறு வாரம் இருக்கும். சமையலறை வாசலில் நின்றுகொண்டு பையன், "ஆச்சி, பானி தா" என்றான். மூன்று வார்த்தை. நடு வார்த்தை இந்தி. அம்மா கையில் இருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவன் மறுபடி, கொஞ்சம் கோபமாக, "பானி!" என்றான்.

அம்மா காலமாகி இப்போது சில வருடம் ஆகிறது. பையன் கல்லூரி முடிக்கும் வயதில் இருக்கிறான். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் பேசுகிறான். தமிழ் மட்டும் அப்படியே திருநெல்வேலி. நொய்டாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை "என்னல" என்று ஃபோனை எடுக்கும்போது, யாரிடம் கற்றான் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. பேசாதே என்று நான் அம்மாவின் வாயைக் கட்டிய அந்தச் சில வாரங்களைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் மறக்கவில்லை.

மதுரைப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான். முதலில் காதைச் சோதி. ஒரு வயதில் மழலைச் சத்தம் இல்லை, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை, அல்லது எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது என்றால், தானாக வரும் என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரைப் பார். எல்லா மொழி வார்த்தையையும் சேர்த்து எண்ணு. டிவியை அணை. உனக்குக் கொஞ்ச வருகிற மொழியில் பேசு, பேசிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திரு. முடிந்தால் ஊரிலிருந்து அம்மாவை வரச்சொல்.

"அம்மா வந்துதான் இருக்காங்கண்ணா" என்றாள். கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா அவங்களுக்கு இங்கிலீஷ் வராதுல்ல, அதனால பாப்பாகிட்ட அதிகம் பேச வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கோம்."

உடனே ஃபோனைப் போடு என்றேன்.

டிஸ்கி: நான் சாஃப்ட்வேர் ஆணி பிடுங்குகிறவன், டாக்டர் இல்லை. என் பிள்ளைக்குக் காதில் பிரச்சினை இருந்தது, உங்கள் பிள்ளைக்கு வேறு ஏதாவது இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் வீட்டில் யார் வாயையும் கட்டாதீர்கள்.